கிழிந்த தாளுக்கு முன்னால் நடந்தது

சிறப்புக் கல்வி வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அவன் அடித்தால் நான் என்ன செய்வது, டீச்சர்?" நியாயமான கேள்விதான். ஆனால் அடி விழும் நேரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. விலகி நிற்கலாம், மற்ற பிள்ளைகளை அப்பால் அழைத்துப் போகலாம், வாயை மூடிக்கொள்ளலாம். நமக்கு வேலை இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய சில நிமிடங்களில். அந்த நிமிடங்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; அடியை மட்டும் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஆகவே பதிலுக்குப் பதிலாக அவர்கள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுவேன். பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதலாவதில், சம்பவத்துக்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது. நடுவில், பிள்ளை என்ன செய்தான். கடைசியில், உடனே நாம் என்ன செய்தோம். நடத்தைப் பகுப்பாய்வில் இது மிகப் பழைய கருவி. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். நிரப்ப உட்காரும்போதுதான் திணறுவார்கள். நடுப்பத்தியில் "கோபப்பட்டான்", "அடம் பிடித்தான்", "வேண்டுமென்றே செய்தான்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அவை நம் தீர்ப்புகள். "பென்சிலை எறிந்தான், மேசையைத் தள்ளினான், அருகில் இருந்தவளின் கையைக் கிள்ளினான்" என்பது பதிவு. முதல் பத்தி பெரும்பாலும் காலியாகவே வரும். இல்லாவிட்டால் "சும்மாதான் உட்கார்ந்திருந்தான்" என்று இருக்கும். அப்படி வந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். யார் அருகில் இருந்தார்கள், என்ன பாடம், எந்த நேரம், யார் குரல் உயர்த்தினார்கள், எது முடிந்து எது தொடங்கவிருந்தது என்று கேட்கக் கேட்க, சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் எத்தனையோ நடந்திருப்பது வெளியே வரும்.

மூன்றாம் பத்திதான் எல்லோருக்கும் சங்கடம் தருவது. அதில் பிள்ளையே இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

ஒரு பையனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பத்து வயது இருக்கும். ஆட்டிசம் உள்ளவன்; பேச்சு சில சொற்களைத் தாண்டவில்லை. பயிற்சித்தாளை முன்னால் வைத்தால் கிழிப்பான், நாற்காலியைக் கவிழ்ப்பான், தடுக்க வரும் கையைக் கடிப்பான். அவனைப் பற்றி எல்லோருக்கும் ஒரு முடிவான கருத்து இருந்தது: பிடிவாதக்காரன், வீட்டில் செல்லம் அதிகம். இரண்டு மூன்று வாரப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. படம் வரையும் தாள் ஒன்றுகூடக் கிழியவில்லை. எண்களைப் பொருத்தும் தாளும் கிழியவில்லை. கிழிந்தவை அனைத்தும் எழுத வேண்டிய தாள்கள். அதிலும் பக்கம் நிறைய வரிகள் இருந்தவை. மூன்றாம் பத்தியில் ஏறக்குறைய ஒரே வாசகம்: "தாளை எடுத்துவிட்டு மூலைப் பாயில் அமர வைத்தோம்." வகுப்பின் கணக்கில் அது தண்டனை. அவன் கணக்கில் அது விடுப்பு. கேட்டால் கிடைக்காதது கிழித்தால் கிடைத்தது. அதுவும் ஒவ்வொரு முறையும் தவறாமல். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் இதைக் கற்றுக்கொண்டிருப்பான். இவன் கற்கும் திறன் இல்லாதவன் என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள்!

சிக்கலான நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும் என்பது இத்துறையில் நிலைபெற்ற கருத்து. யாராவது தன்னைப் பார்க்க வேண்டும். ஒரு பொருளோ விளையாட்டோ வேண்டும். ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும். அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஏதோ ஓர் உணர்வைத் தருகிறது. 1982-இல் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான அடித்தளம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பாடம் கொடுக்கும்போது ஒருவருக்கு அதிகமானது. தனியாக விட்டபோது இன்னொருவருக்கு அதிகமானது. வெளியே பார்க்க ஒரே செயல், உள்ளே காரணம் வேறு வேறு. "கடிக்கும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு. ஒன்று, தாளைக் கிழிக்காமலேயே ஓய்வு கேட்க ஒரு வழி. கையை விரித்த ஓர் உருவம் வரைந்த அட்டையை மேசையின் மூலையில் ஒட்டினோம். அதை எடுத்து நீட்டினால் தாள் அகலும், இரண்டு நிமிட மணல் கடிகாரம் ஓடும், அவன் பாயில் போய் உட்காரலாம். தொடக்கத்தில் தாளை வைத்ததும், அவன் கை உயர்வதற்கு முன்பே, பின்னால் நிற்கும் உதவியாளர் அவன் கையை மெல்ல அட்டைக்குக் கொண்டுபோவார். கிழித்த பிறகு அட்டையை எடுக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் கிழிப்பது, அட்டை எடுப்பது, ஓய்வு என்று மூன்றையும் ஒரே வரிசையாகக் கற்றுக்கொள்வான். அட்டை எடுப்பது கிழிப்பதைவிட எளிதாகவும் இருக்க வேண்டும், கிழிப்பதைவிட வேகமாகப் பலன் தரவும் வேண்டும். "இரு, இந்த வரியை முடித்துவிட்டுப் போ" என்று ஓரிரு முறை சொன்னாலே போதும், அட்டையை விட்டுவிட்டுப் பழைய வழிக்கே திரும்பிவிடுவான். அவன் பார்வையில் பழைய வழி ஒருநாளும் கைவிட்டதில்லை.

எதிர்பார்த்தபடியே முதல் சில நாள்கள் தாள் கண்ணில் பட்டதும் அட்டையை நீட்டினான். எழுத்து வேலை முற்றிலும் நின்றது. "இப்படியே போனால் இவன் எப்போதுதான் எழுதுவான்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி சரிதான். ஆனால் அதற்கு முன்பும் அவன் எழுதிக்கொண்டிருக்கவில்லை, கடித்துக்கொண்டிருந்தான். அட்டை பொய்க்காது என்று அவன் நம்பும்வரை நாங்கள் எதையும் கேட்கவில்லை. பிறகு ஓர் எழுத்து எழுதினால் அட்டை. பிறகு ஒரு சொல். பிறகு ஒரு வரி. இந்த ஏற்றம் மிக மெதுவானது. நடுவில் இறங்கவும் நேரிடும். காய்ச்சலில் கிடந்து திரும்பிய வாரத்தில் மீண்டும் ஓர் எழுத்திலிருந்து தொடங்கினோம்.

இரண்டாவது தேவை, எழுத்து வேலையே அவனுக்கு ஏன் அவ்வளவு கொடுமையாக இருந்தது என்று பார்ப்பது. அட்டை கொடுத்ததோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பிக்கப் பார்க்கிறான் என்றால் தப்பிக்க வேண்டிய அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது. அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் செயல்முறை மருத்துவர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வந்து அவன் பென்சில் பிடிப்பதைப் பார்த்தார். விரல்களில் போதிய வலு இல்லை. சில வரிகளிலேயே மணிக்கட்டு சோர்ந்துவிடுகிறது. சாய்வுப் பலகை, தடித்த பென்சில், ஒரு பக்கத் தாளை மூன்று துண்டுகளாக வெட்டிக் கொடுப்பது, சில நாள் எழுதுவதற்குப் பதில் எழுத்துச் சில்லுகளை அடுக்கச் சொல்வது என்று மாற்றினோம். விடை தெரிகிறதா என்பதுதான் பாடத்தின் நோக்கம் என்றால், அதைக் கையால்தான் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஏன் வற்புறுத்த வேண்டும்?

எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பாடம் கடினமாக இருப்பதால் குழப்பம் செய்யும் பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தை குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. வகுப்பறைகளில் இந்தப் பின்பாதி மறந்துபோய்விடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அட்டைத் தொகுப்பை அச்சிட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு, "அட்டை கொடுத்தோம், பயனில்லை" என்கிறார்கள். விளையாட்டுப் பொருளுக்காக அழும் பிள்ளையிடம் ஓய்வு அட்டை இருந்து என்ன பயன்?

நோட்டைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. இதுவரை இல்லாத நடத்தை புதிதாகத் தொடங்கினாலோ, இருந்தது ஓரிரு நாளில் பலமடங்கானாலோ முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்ட ஒரு சிறுமிக்கு எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள். மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்ததும் காதுக்குள் சீழ். பல்வலி, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், வளரும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி, வலிப்பு மருந்தின் அளவு மாறியது, இரவெல்லாம் தூங்காதது என்று பட்டியல் நீளும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை அதை உடலால்தான் சொல்வான். நான் பார்த்தவரை இது விட்டுப்போவதற்கு ஒரு காரணம், ஆட்டிசம் என்ற பெயர் கோப்பின் முதல் பக்கத்தில் இருப்பது. எதுவாக இருந்தாலும் அந்தப் பெயரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

"கவனத்துக்காகச் செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்" என்பது நம் வகுப்புகளில் அதிகம் வழங்கப்படும் அறிவுரை. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை. கவனம் வேண்டும் என்பது குற்றமா என்ன? உதவியாளரின் கூந்தலைப் பிடித்து இழுக்கும் பையன் ஒருவன் இருந்தான். இழுத்ததும் நான்கு பேர் ஓடி வருவார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரே குனிந்து பேசுவார்கள். இழுக்காத நேரத்தில்? சமர்த்தாக இருக்கிறான் என்று அவனை விட்டுவிட்டு வேறு பிள்ளைகளிடம் போய்விடுவார்கள். முதலில், கூந்தலை இழுக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பது நடக்கிற காரியமே இல்லை. அடுத்து, இதுவரை பலன் தந்த ஒரு செயலுக்குப் பலன் நின்றுபோனால் அது உடனே குறைவதில்லை, முதலில் கூடும். இன்னும் பலமாக இழுப்பான், இன்னொருவரையும் இழுப்பான். அந்த உச்சத்தில் பொறுக்க முடியாமல் யாராவது ஓடிவந்தால், இவ்வளவு பலமாக இழுத்தால்தான் வருவார்கள் என்பது அவனுக்குப் பாடமாகிவிடும். எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தரும் செயலைவிட அழியக் கடினமானது. இது 1950-களிலேயே நடத்தை உளவியலாளர்களான ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் ஆய்வுக்கூடத்தில் விரிவாகக் காட்டிய விஷயம்.

நாங்கள் செய்தது வேறு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, அவன் என்ன செய்துகொண்டிருந்தாலும், யாராவது அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவது. கேட்காமலேயே கிடைத்தபோது, பறிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. கூடவே, தோளைத் தொட்டுக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தோம். தொட்டால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கு விதி. கூந்தலை இழுத்தால் சத்தமில்லாமல், முகத்தைப் பார்க்காமல், விரல்களை விடுவித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். பெரியவர்களைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

ஓசை, வெளிச்சம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றது. பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரியும். வகுப்பைவிட்டு ஓடும் ஒரு பையனின் பதிவில் நேரத்தை மட்டும் பார்த்தபோது, ஓட்டமெல்லாம் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் என்று தெரிந்தது. மணியைக் கண்டு ஓடவில்லை. மணி வரப்போகிறது என்று தெரிந்து ஓடினான். காதுக் கவசமும், மணிக்கு முன்பே அவனை வெளியே அழைத்துப் போவதும் போதுமானதாக இருந்தன.

இதோடு சேர்த்து இன்னொன்று. எல்லா நடத்தையையும் திருத்த வேண்டியதில்லை. உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடும் பிள்ளை, விரல்களைக் கண்முன் அசைத்துப் பார்க்கும் பிள்ளை, இவர்களால் யாருக்கு என்ன கேடு? பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாவிட்டால் நான் அதைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. பலருக்கு அதுதான் தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதை நிறுத்திவிட்டு வேறு எங்கோ வெடிக்கும்போது ஆச்சரியப்படுவதில் பொருள் இல்லை.

எவ்வளவு முன்கூட்டிப் பார்த்தாலும் பிள்ளை நிலைகுலையும் நாள் வரத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு எங்கள் வகுப்பில் சில வழக்கங்கள் உண்டு. ஒருவர் மட்டும் பேசுவார், அதுவும் இரண்டு மூன்று சொற்களில். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பார். கதவை மறிக்க மாட்டார். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்வி கிடையாது, மூளை கொதித்துக்கொண்டிருக்கும்போது மொழி எட்டாது, நமக்கும் அப்படித்தான். "மன்னிப்புக் கேள்" என்பதும் கிடையாது. அமுக்கிப் பிடிப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பயிற்சி பெற்றவர்கள், மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் செய்ய வேண்டியது அது. குப்புறப் படுக்க வைத்து அழுத்துவது எந்தச் சூழலிலும் கூடாது. அப்படிப் பிடித்ததில் மூச்சுத் திணறிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

அமைதியாகிவிட்டான் என்று நாம் நினைக்கும் நேரமும் ஏமாற்றக்கூடியது. அழுகை நின்றிருக்கும், உடல் தளர்ந்திருக்கும். சாம்பலுக்கு அடியில் கங்கு கிடக்கும். அந்த நேரத்தில் கிழித்த தாளையே மறுபடி முன்னால் வைத்தால் முதலைவிட வேகமாக மூளும். எளிதான, அவனுக்குப் பிடித்த ஒரு வேலையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தாளுக்குத் திரும்பலாம். திரும்பாமலே விட்டுவிடவும் கூடாது. கடிபட்ட உதவியாளரையும் அந்த நேரத்தில் யாராவது வெளியே அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும். கை நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் அடுத்த பிள்ளையை ஒப்படைத்தால் அடுத்த சம்பவத்துக்கு நாமே முதல் பத்தியை எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நட்சத்திர ஒட்டி, வாரப் பரிசு போன்றவை சில பிள்ளைகளுக்குப் பயன்படும். வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைப் பரிசு சுவரில் ஓர் அலங்காரம்.

பெற்றோரைப் பற்றி. "வீட்டில் இவன் இப்படிச் செய்வதே இல்லையே, டீச்சர்" என்று ஒரு தந்தை சொன்னால், மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மையாகவே வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அது பெரிய செய்தி: வீட்டில் இருக்கிற, ஆனால் வகுப்பில் இல்லாத ஒன்று எது? நான் உட்கார வைத்து அதைத்தான் கேட்பேன். ஒரு தந்தையிடம் அப்படிக் கேட்டபோது, "நான் எதைச் சொன்னாலும் அவன் எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும், சார்கள் யாராவது அதுவரை காத்திருக்கிறார்களா?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் ஒருவர்கூடக் காத்திருப்பதில்லை. ஒன்றையே மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு முறை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுவது என்ற பழக்கம் எங்கள் வகுப்புக்கு அந்த வீட்டிலிருந்து வந்தது.

வீட்டுக்குப் போகும் நாட்குறிப்பில் "இன்று கடித்தான்", "இன்றும் கடித்தான்" என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் அந்தத் தாய் அதைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. காயம் பட்டால் அன்றே சொல்ல வேண்டும், அதுவும் நேரில் அல்லது தொலைபேசியில். நாட்குறிப்பில் அவன் அன்று என்ன கேட்டான், எப்படிக் கேட்டான் என்று எழுதலாம். வீட்டிலும் அதே அட்டை, அதே பொருளில் இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

வகுப்பு மாறும்போதுதான் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது. புதிய ஆசிரியருக்கு அட்டை இருப்பது தெரியாது, மணிக்கு முன் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பது தெரியாது, பழைய நடத்தை முழுவீச்சில் திரும்பும், "இத்தனை வருடம் என்னதான் செய்தார்கள்?" என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். தொந்தரவு தொடங்குவதற்கு முன் முகத்திலும் கையிலும் தெரியும் அறிகுறி, அப்போது செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது, அவன் கேட்கும் வழி, அவனுக்குப் பிடித்தவை. நோய்ப் பெயரும் சோதனை மதிப்பெண்களும் கோப்பில் இருக்கின்றன, இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. பின்பக்கத்திலும் எழுத ஆரம்பித்தால் யாரும் படிப்பதில்லை.